கழுவிய வாத்து முட்டை ஏன் சீக்கிரம் கெடுகிறது?

திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் விட்டுவிடுகிறேன். கடிதம் நாலு பக்கம். சுருக்கமாகச் சொன்னால் இதுதான்.

கணவர் வெளிநாட்டில் இருக்கிறார். வீட்டில் மாமியார், இரண்டு பிள்ளைகள். கொல்லையில் பதினாலு வாத்து. தினமும் எட்டு, ஒன்பது முட்டை கிடைக்கிறது. வீட்டுக்குப் போக மீதியைத் தெருவில் விற்கிறார். "சேறும் எச்சமுமாக இருந்தால் யார் வாங்குவார்கள் டாக்டர்? அதனால் பொறுக்கியவுடனே வாளித் தண்ணீரில் சோப்புப் பவுடர் போட்டு அரைமணி நேரம் ஊறவைப்பேன். நாரால் தேய்த்து, வாய்க்கால் தண்ணீரில் அலசி, ஈரத்துணியால் துடைத்துக் கூடையில் அடுக்கிவிடுவேன். வெளேரென்று இருக்கும்" என்கிறார். ஆனாலும் ஒரு வாரத்துக்குள் நாலைந்து முட்டை கூமுட்டையாகிவிடுகிறது. மாமியார், "முட்டையில தண்ணி படக்கூடாதுடி, சாம்பலைத் தொட்டுத் துடைச்சாப் போதும்" என்கிறார். இதில் இருவருக்கும் தினமும் மனஸ்தாபம்.

போன மாதம் பக்கத்து வீட்டு அக்கா இவரிடம் வாங்கிய முட்டையில் தன் ஐந்து வயதுப் பையனுக்கு ராத்திரி ஆஃபாயில் போட்டுக் கொடுத்திருக்கிறார். மறுநாள் சாயங்காலம் பையனுக்குக் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு. ஒரு ராத்திரி மருத்துவமனையில் சலைன் ஏற்றவேண்டி வந்தது. "உன் முட்டையாலதான்" என்று அந்த அக்கா பேச்சை நிறுத்திவிட்டார். இதற்கிடையில் கோழிக்கு அடை வைத்த பத்து வாத்து முட்டையில் இரண்டுதான் பொரிந்திருக்கிறது. கடிதத்தின் கடைசியில் ஒரு வரி: பிரசவத்துக்கு வந்திருக்கும் நாத்தனாருக்கு, உடம்பு தேறட்டும் என்று அத்தை தினமும் காலையில் ஒரு வாத்து முட்டையைப் பச்சையாகப் பாலில் அடித்துக் கொடுக்கிறார்.

முட்டையைக் கழுவலாமா கூடாதா, டெட்டால் ஊற்றிக் கழுவினால் கிருமி போகுமா, தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்த்தால் போதுமா, விற்பதையே நிறுத்திவிடவா என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கடைசியில் எழுதியதை நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். நாத்தனாருக்குப் பச்சை முட்டை கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். வாத்து முட்டையில் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்க வாய்ப்புண்டு. அது ஓட்டின் மேல் ஒட்டியிருக்கலாம். சில சமயம் முட்டை உருவாகும்போதே உள்ளேயும் போய்விடலாம். நல்ல தெம்பாகத் திரியும் வாத்தின் குடலிலும் அது இருக்கும், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவருக்குக் கடுமையான காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தால் அது தாயோடு நிற்காது. அத்தையிடம் இதைச் சண்டையாகச் சொல்லவேண்டாம். "சத்து வேணும்னுதானே கொடுக்கிறீங்க அத்தை, வேகவச்சாத்தான் சத்து உடம்புல ஒட்டுமாம், டாக்டர் எழுதியிருக்கார்" என்று சொல்லுங்கள். சமாதானத்துக்காகச் சொல்லும் பொய் இல்லை இது. முட்டைப் புரதம் பச்சையாக இருக்கும்போது சரியாகச் செரிப்பதில்லை. வெந்த பிறகுதான் பெரும்பகுதி உடம்பில் சேர்கிறது. பச்சை வெள்ளைக்கரு பயோட்டின் என்ற வைட்டமினையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதே முட்டையை நன்றாக அவித்து, மிளகு உப்புத் தூவிக் கொடுத்தால் அத்தையின் எண்ணமும் நிறைவேறும். வாத்து முட்டை மூலத்துக்கு நல்லது, பச்சையாகக் குடித்தால் சூடு தணியும் என்பதெல்லாம் நம் பக்கத்தில் காலங்காலமாக இருக்கும் பேச்சு. யார் சொன்னாலும் பச்சையாகக் கொடுக்காதீர்கள்.

இனி கழுவும் விஷயத்துக்கு வருவோம். உங்கள் கடிதம் முழுக்க ஓர் எண்ணம் ஓடுகிறது: வெளேரென்று இருந்தால் அது சுத்தமான முட்டை. பெரும்பாலானவர்கள் நினைப்பது அப்படித்தான். உங்கள் உழைப்பை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நீங்கள் கழுவும் முறைதான் அந்த முட்டைகளைக் கெடுக்கிறது.

முட்டை மூச்சு விடும்

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஒரு முட்டையைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து, கை பொறுக்காத சூட்டில் வெந்நீர் ஊற்றுங்கள். கொஞ்ச நேரத்தில் அகலமான முனையிலிருந்து ஊசிமுனை அளவுக் குமிழிகள் நூல் பிடித்த மாதிரி மேலே எழும். உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியே வருகிறது. ஓட்டில் விரிசல் எதுவும் இல்லை. அப்புறம் காற்று எந்த வழியாக வந்தது? ஓடு முழுக்க ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன. குஞ்சு வளர வேண்டுமென்றால் காற்று போய்வர வேண்டுமே, அதற்காக இயற்கை வைத்த வழி அது.

அந்தத் துளைகளை அடைத்த மாதிரி, ஓட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. வாத்து முட்டையிடும்போதே ஈரப்பசையோடு வந்து, காற்றுப் பட்டதும் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். காற்றைக் கொஞ்சம் விடும், கிருமியைப் பெரும்பாலும் தடுக்கும். நீங்கள் சோப்புப் பவுடரில் ஊறவைத்து நாரால் தேய்க்கும்போது முதலில் போவது இந்தப் பூச்சுதான்.

அடுத்தது இன்னும் முக்கியம். வாத்தின் உடம்புச் சூடு 41, 42 டிகிரி செல்சியஸ். முட்டை அந்தச் சூட்டோடு வெளியே வருகிறது. வெளிக்காற்றில் ஆற ஆற, உள்ளே இருப்பது சுருங்கும். சுருங்கிய இடத்துக்கு வெளியிலிருந்து காற்று உறிஞ்சப்படும். அவித்த முட்டையை உரிக்கும்போது அகன்ற முனையில் ஒரு பள்ளம் தெரியுமே, அது அப்படி வந்ததுதான். இந்த முதல் மூச்சை முட்டை காய்ந்த வைக்கோலில் கிடந்து இழுத்தால் கவலை இல்லை. ஈரச் சேற்றிலும் எச்சத்திலும் கிடந்து இழுத்தால் அதோடு கிருமியும் உள்ளே போகும்.

வெதுவெதுப்பாக இருக்கும் முட்டையைப் பொறுக்கியவுடன் குளிர்ந்த தண்ணீரில் போடும்போது நீங்களும் அதையேதான் செய்கிறீர்கள். முட்டை சுருங்கி, வாளியில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சுகிறது. எட்டு முட்டையின் அழுக்கும் கரைந்த தண்ணீர் அது. பிறகு வாய்க்கால் தண்ணீர். அந்த வாய்க்காலில் யார் யார் மாடு குளிப்பாட்டுகிறார்கள், மேலே எந்த ஊர்ச் சாக்கடை கலக்கிறது என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நீங்கள் இருப்பது கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் வழியில் எத்தனையோ ஊரைத் தொட்டுவிட்டுத்தான் உங்களிடம் வருகிறது. கடைசியில் ஈரத்துணி. பூச்சு போன முட்டை ஈரத்தோடு கூடையில் மூன்று நாள் இருந்தால் கூமுட்டையாகாமல் என்ன செய்யும்? அடை வைத்த முட்டைகளும் இப்படிக் கழுவியவைதான் என்று எழுதியிருக்கிறீர்கள். பொரியாததற்குப் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும்.

சரி, அத்தை சொல்வது சரியா? பாதிக்கு மேல் சரி. தண்ணீர் படாத முட்டைதான் நாள் தாங்கும் என்பது அனுபவத்தில் வந்த அறிவு. சாம்பல் என்பதைவிட "காய்ந்த பொருளால் துடை" என்பதுதான் அதில் சாரம். சாம்பலுக்குப் பதில் காய்ந்த தேங்காய் நாரை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், இருவருக்கும் ஒத்துப்போகும்.

அழுக்கே ஆகாமல் பார்ப்பது எப்படி

உங்கள் வாத்துகள் ராத்திரி மண் தரையில் அடைகின்றன, காலை ஆறு மணிக்கே திறந்துவிடுகிறீர்கள். இந்த இரண்டையும் மாற்றினால் கழுவும் வேலையில் முக்கால்வாசி குறையும்.

வாத்து பெரும்பாலும் விடியற்காலையில் முட்டையிடும். எட்டரை, ஒன்பது மணிக்குள் அனேகமாக எல்லாமே இட்டு முடித்துவிடும். ஆறு மணிக்குத் திறந்தால் சில வாத்து வாய்க்கால் கரையிலும் சேற்றிலும் போட்டுவிட்டு வரும். அதனால் எட்டரை வரை அடைத்தே வையுங்கள். கத்தும்தான், ஒரு வாரத்தில் பழகிவிடும். உள்ளே குடிக்கத் தண்ணீர் மட்டும் மறக்காமல் வையுங்கள். தீவனம் போட்டால் தண்ணீரும் கூடவே இருக்கவேண்டும், தண்ணீர் இல்லாமல் வாத்தால் விழுங்க முடியாது. தண்ணீர்ப் பாத்திரத்தை முட்டையிடும் மூலையிலிருந்து தள்ளி வையுங்கள். வாத்து குடிக்கிற அழகில் சுற்றி நாலடிக்கு ஈரம் ஆகிவிடும்.

தரையை வெளியை விட அரையடி உயர்த்தி மணல் கொட்டுங்கள். அதன் மேல் உமி. நம் டெல்டாவில் அரிசி ஆலைக்குப் போனால் உமிக்கா பஞ்சம்? ஒரு மூட்டை வாங்கிப் போட்டால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இருட்டான மூலையில், சுவரை ஒட்டி, ஓரடி அகலம் ஒன்றரையடி நீளத்தில் பழைய பலகையாலோ செங்கல்லாலோ நாலைந்து தடுப்புகள் கட்டுங்கள். மூன்று வாத்துக்கு ஒன்று என்பது கணக்கு. அதில் காய்ந்த வைக்கோல் போடுங்கள். வாத்துக்கு மறைவான இடம் பிடிக்கும். முதலில் ஓர் அவித்த முட்டையை அங்கே வைத்துவிட்டால் இடத்தைப் புரிந்துகொள்ளும். வைக்கோலைச் சாயங்காலம் ஒருமுறை கையால் புரட்டிப் பாருங்கள். நனைந்ததை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். பூஞ்சைக் காளான் வாடை அடிக்கும் வைக்கோல் வேண்டவே வேண்டாம், வாத்தின் நுரையீரலுக்கே ஆகாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதெல்லாம் கஷ்டம் என்று எனக்கும் தெரியும். அந்த இரண்டு மாதத்துக்கென்று சம்பா அறுவடையில் நாலு கட்டு நல்ல வைக்கோலைத் திண்ணைமேல் நனையாமல் எடுத்து வையுங்கள்.

பொறுக்குவது ஒன்பது மணிக்குள். வெயில் ஏறும்வரை முட்டை கிடக்கக்கூடாது.

பொறுக்கிய முட்டையை நாலாகப் பிரியுங்கள்

சுத்தமாக இருப்பதைத் தொடவே வேண்டாம். அப்படியே, அகன்ற முனை மேலாக அடுக்கி, நிழலான காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பென்சிலால் தேதி போடுங்கள். அடை வைக்க, விற்க, எல்லாவற்றுக்கும் இதுதான் முதல் தரம். அடை முட்டையை ஒரு வாரத்துக்குமேல் தேக்காதீர்கள். வாத்து முட்டை பொரிய 28 நாள் ஆகும், கோழி மாதிரி 21 இல்லை. அதற்குள் பொறுமை இழந்து கலைத்துவிடாதீர்கள்.

அங்கங்கே பொட்டுப்பொட்டாகச் சேறு காய்ந்திருப்பதைத் தேங்காய் நாராலோ உப்புத்தாளாலோ அந்த இடத்தில் மட்டும் மெதுவாகச் சுரண்டுங்கள். முட்டை முழுவதையும் தேய்க்கவேண்டாம்.

துடைத்தும் போகாததை மட்டும் கழுவலாம், அதுவும் உடனே சமைக்கவோ குளிர்பெட்டியில் வைக்கவோ போகிறீர்கள் என்றால். தண்ணீர் முட்டையைவிடச் சூடாக இருக்கவேண்டும். 40லிருந்து 45 டிகிரி போதும். கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் சூட்டைவிட ஒரு பிடி கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடான தண்ணீர் பட்டால் உள்ளே இருப்பது லேசாக விரிந்து வெளிப்பக்கம் தள்ளும், அழுக்கு உள்ளே போகாது. ஊறவைக்காமல், சொம்பில் மொண்டு ஒவ்வொரு முட்டையாக ஊற்றி, விரலால் தேய்த்து, ஒரு நிமிடத்துக்குள் முடியுங்கள். குடிக்கிற தண்ணீராக இருக்கவேண்டும். காய்ந்த சுத்தமான துணியால் ஒற்றி எடுத்து, முழுக்க உலர்ந்தபின் உள்ளே வையுங்கள். கழுவிய முட்டையை வெளியே வைத்து விற்கக்கூடாது. வீட்டுச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எச்சம் அப்பிக் கிடப்பது, விரிசல் விட்டது, வாய்க்கால் கரையில் எப்போது இட்டதென்றே தெரியாமல் கிடப்பது, இவற்றை விற்கவும் வேண்டாம், சாப்பிடவும் வேண்டாம். குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். ஒரு முட்டையின் விலை போகிறதே என்று மனசு கேட்காதுதான். அந்தப் பையனை நினைத்துக்கொள்ளுங்கள்.

டெட்டால் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். துளை வழியாக அதன் வாடையும் மருந்தும் உள்ளே போகும். அது காயத்துக்கு, தரைக்கு. சாப்பிடும் பொருளுக்கு இல்லை. வாசனைச் சோப்புப் பவுடருக்கும் இதே பதில்தான்.

தண்ணீரில் மிதக்கவிடும் சோதனை முட்டையின் வயதைத்தான் சொல்லும். நாளாக ஆக ஈரம் ஆவியாகி, அகன்ற முனையில் இருக்கும் காற்றறை பெரிதாகும், அதனால் மிதக்கும். கிருமி இருக்கும் புது முட்டையும் கல்லு மாதிரி அடியில்தான் கிடக்கும். அதைவிட, ராத்திரியில் செல்போன் டார்ச்சின் மேல் முட்டையை வைத்துப் பாருங்கள். மயிரிழை விரிசலும் உள்ளே கலங்கியிருப்பதும் தெரியும், முட்டையும் நனையாது.

குளிர்பெட்டியில் கதவு அலமாரி வேண்டாம். திறந்து மூடும்போதெல்லாம் சூடு மாறும். உள்தட்டில் வையுங்கள். ஒருமுறை குளிரில் வைத்ததை வெளியே எடுத்து மறுபடி கூடையில் வைத்து விற்காதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் முட்டை வியர்க்கும், அந்த ஈரம் போதும் கிருமிக்கு. வெளியே வைப்பதென்றால் மார்கழி, தையில் ஒரு வாரம். சித்திரை வெயிலில் மூன்று நாலு நாளுக்குமேல் வேண்டாம்.

பக்கத்து வீட்டுப் பையன்

உங்கள் மனசை அரித்துக்கொண்டிருப்பது இதுதான் என்று கடிதத்திலேயே தெரிகிறது. சால்மோனெல்லா உடம்பில் போய் ஆறு மணி நேரத்திலிருந்து மூன்று நாளுக்குள் காய்ச்சல், வயிற்றுப்போக்கு காட்டும். ராத்திரி சாப்பிட்டு மறுநாள் சாயங்காலம் வந்தது அந்தக் கணக்குக்குப் பொருந்துகிறது. அதனால் "என் முட்டையால் இருக்கவே முடியாது" என்று நீங்கள் சொல்ல முடியாது. அந்த இரண்டு நாளில் பையன் குடித்த தண்ணீர், தின்ற பண்டம் எதுவும் காரணமாக இருக்கலாம்; மலப் பரிசோதனை இல்லாமல் "முட்டையேதான்" என்று அவரும் சொல்ல முடியாது. முட்டைதான் காரணம் என்றால், அரைவேக்காட்டு மஞ்சள்கரு அதில் பெரிய பங்கு வகித்திருக்கலாம்.

போய்ப் பாருங்கள். யார்மேல் தப்பு என்ற பேச்சை எடுக்காமல், பையன் எப்படி இருக்கிறான் என்று கேளுங்கள். மறுபடி காய்ச்சலோ, மலத்தில் ரத்தமோ தெரிந்தால், வாத்து முட்டை ஆஃபாயில் சாப்பிட்டதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள். மருந்துக்கடையில் தானாக ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்கவேண்டாம். வயிற்றுப்போக்கு இருக்கும்வரை ஓ.ஆர்.எஸ். கரைசல் முக்கியம். நான் கால்நடை மருத்துவன். பையனுக்கான வைத்தியத்தைக் குழந்தை மருத்துவர்தான் முடிவு செய்யவேண்டும்.

விற்பதை நிறுத்தவேண்டியதில்லை. இரண்டு வாரம் நிறுத்திவையுங்கள், தரையையும் தடுப்பையும் சரிசெய்யுங்கள், பிறகு தொடங்குங்கள். விற்கும்போது ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள்: "அக்கா, நல்லா வேகவச்சுச் சாப்பிடுங்க, ஆஃபாயில் வேண்டாம்." வாத்து முட்டை பெரியது, கோழி முட்டை வேகும் நேரம் போதாது. தண்ணீர் கொதித்தபிறகு பன்னிரண்டு நிமிடம் வைத்தால் மஞ்சள்கரு நடுவரை இறுகும். குழம்பில் உடைத்து ஊற்றினாலும் மஞ்சள்கரு இறுகும்வரை விடவேண்டும். சின்னக் குழந்தை, கர்ப்பிணி, வயதானவர், சர்க்கரை நோயாளி இருக்கும் வீடென்றால் இதை இன்னொரு தடவை சொல்லுங்கள். கடைக்கும் ஓட்டலுக்கும் மொத்தமாகக் கொடுக்கும் எண்ணம் வந்தால், அதற்கு முன் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் பதிவு பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள்.

போகிற போக்கில் நீங்கள் எழுதியிருந்த ஒன்று என்னை உறுத்தியது. வாத்து நொண்டியபோது ஏதோ டெட்ராசைக்ளின் பவுடரைத் தண்ணீரில் கலந்து கொடுத்ததாகவும், முட்டையை வழக்கம்போல விற்றதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மருந்து முட்டையில் இறங்கும். மருந்து கொடுக்கும் நாட்களிலும், நிறுத்தியபின் மருத்துவர் சொல்லும் நாள்வரையிலும் அந்த முட்டை யாருக்கும் ஆகாது. இனி கேட்காமல் கொடுக்காதீர்கள். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் காட்டுங்கள். நோய் பிடிபடவில்லையென்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம். திடீரென்று இரண்டு மூன்று வாத்து சேர்ந்தாற்போல் செத்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், வாய்க்காலில் வீசாதீர்கள், முட்டையை எடுக்காதீர்கள்; அன்றைக்கே மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். பறவைக் காய்ச்சலாக இருந்தால் ஒரு நாள் தாமதமும் ஊருக்கே கெடுதல்.

உங்கள் பிள்ளைகள் வாத்துக்குஞ்சை மடியில் வைத்துக் கொஞ்சுவதைப் பற்றி ஆசையாக எழுதியிருந்தீர்கள். கொஞ்சட்டும். முத்தம் மட்டும் வேண்டாம், விட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். முட்டை பொறுக்கியபின், உடைத்தபின் நீங்களும் அத்தையும் அப்படியே.

தடுப்பு கட்டி ஒரு மாதம் கழித்து, பத்து முட்டையில் எத்தனை கழுவ வேண்டியிருக்கிறது என்று எண்ணி எனக்கு எழுதுங்கள். பையன் எப்படி இருக்கிறான் என்பதையும்.